தம்பியை இறக்கிவிட்ட நாள்

சிறையின் சின்னக் கதவு வழியாக வெளியே வந்த இன்னிஸ், காரின் முன்கதவில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காரை ஓட்ட உட்கார்ந்திருந்த அக்கா ரோனா ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவன் குடித்துவிட்டு ஓட்டிய வேனில் முன் இருக்கையில் இருந்தவன் ஃபின்லே. ரோனாவின் மகன். கிரிமியூர் சாலை வளைவில் வேன் கல்சுவரில் மோதியபோது இன்னிஸுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும்தான் முறிந்தது.

"டாக்ஸிக்காரி மாதிரி ஆக்கிட்டேன்க்கா உன்ன," என்றான் பின்னாலிருந்து.

"மீட்டர் ஓடுது. பேசாம உக்காரு."

கண்ணாடியில் பார்த்தாள். தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கடலைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று போன மாதமே சொல்லியிருந்தான். அதனால் ஃபோர்ஃபரில் உள்ள தன் வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் திரும்பாமல் கடலோர ஊரான ஆர்ப்ரோத்துக்குப் போகும் சாலையில் காரை விட்டாள். ஒரு நாள் முழுக்க அங்கே சுற்றிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள். "பிறகு" என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. வீடுதான் என்று நினைத்துக்கொண்டான்.

அப்படி நினைக்க இடம் கொடுத்தவளும் அவள்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது, பின்னறையில் இன்னும் அந்தத் தையல் மிஷின்தான் இருக்கிறதா என்று கேட்டான். எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். வாய் தவறி வந்த சொல் அது. அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவள் கணவர் கீத்திடம் அதற்கு முன்பே பேசிப் பார்த்திருந்தாள். கீத் தச்சுவேலைக்காரர், கோபத்தில்கூட அதிகம் பேசாதவர். அன்று முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அவன் இந்த வாசப்படிய மிதிச்சா நான் இறங்கிப் போயிடுவேன்," என்றார். அத்தோடு முடிந்தது பேச்சு. மறுவாரமே ரோனா ஒரு சமூகநல ஊழியர் மூலமாக ஆர்ப்ரோத்தில் பீட்டி என்ற கிழவரின் வீட்டு மாடியில் ஒரு அறை பிடித்தாள். சாவி இப்போது அவள் கோட்டுப் பையில் இருந்தது. காரின் பின்பெட்டியில் துண்டு, போர்வை, கெட்டில், இன்னிஸின் பழைய குளிர்கோட்டு எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

மே மாத வெயில் நன்றாக அடித்தது. அந்தக் கரையில் அதை நம்ப முடியாது. எந்த நேரமும் கடலிலிருந்து மூடுபனி எழுந்துவந்து தெருவோடு விழுங்கிவிடும். இருக்கிறவரை லாபம் என்று ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே நின்றது.

முதலில் ஊரின் பழைய, இடிந்த மடாலயத்துக்குப் போனார்கள். உள்ளே போகும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இன்னிஸ் நின்றுவிட்டான். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் வந்த ஒரு குடும்பம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் எதற்காக நிற்கிறான் என்று ரோனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. யாராவது வந்து திறந்துவிட வேண்டும் என்று நிற்கிறான். அவள் கதவைத் தள்ளினாள்.

"பழகிப்போச்சுக்கா," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

சிவப்புக் கல்லில் நின்ற பெரிய சுவர்களுக்கு நடுவே புல்வெளியில் நடந்தார்கள். தெற்குச் சுவரின் உச்சியில் அந்த வட்ட ஜன்னல், கண்ணாடியில்லாமல், நடுவில் வானத்தை வைத்துக்கொண்டு இருந்தது. அந்தக் காலத்தில் துறவிகள் அதில் விளக்கேற்றிப் படகுகளுக்கு வழி காட்டுவார்கள் என்று அப்பா சொல்வதுண்டு. இன்னிஸ் ஓடு வேய்கிறவன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மேலேதான் பார்ப்பான்.

"கூரையே இல்ல. நமக்கு இங்க பொழப்பு ஓடாது," என்றான்.

சுவரில் உள்ளங்கையை வைத்து வெயில் ஏறிய கல்லின் சூட்டைப் பார்த்தான். புல்லில் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று அவளிடம் அனுமதி கேட்டான். பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது அது. எதற்காக இவனை இன்னொருவர் வீட்டு மாடியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று ரோனாவுக்குத் தோன்றியது. கீத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. மகனைப் பறிகொடுத்தவள் அவளும்தானே. அவளால் முடிகிறபோது அவருக்கு மட்டும் என்ன.

முதல் வருடம் அவள் சிறைக்குப் போகவே இல்லை. இரண்டாவது வருடம் போனது தம்பிக்காக அல்ல. ஃபின்லே கடைசியாக என்ன பேசினான் என்று தெரிந்துகொள்ளத்தான் போனாள். பாட்டு கேட்டுக்கொண்டு வந்தான், ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினான் என்று இன்னிஸ் சொன்னான். அடுத்த மாதமும் போனாள். கூரைமேல் அவனோடு வேலை பார்த்த இரண்டு வருடத்தில் ஃபின்லே சொன்னது, செய்தது, தின்றது என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை அவன் தேடி எடுத்துக் கொடுப்பான். கொடுக்கும்போது அவன் கண் கலங்கும், குரல் இறங்கும். அவள் அதை வாங்கிக்கொண்டு வந்து மாதம் முழுக்க வைத்துக்கொள்வாள். அந்த மேஜைக்கு எதிரில், சாம்பல் நிறச் சட்டையில் கூனி உட்கார்ந்திருந்தவனை அவளால் நேசிக்க முடிந்தது. மன்னித்தும்விட்டதாகவே நினைத்திருந்தாள்.

மடாலயத்திலிருந்து இறங்கித் துறைமுகத்துக்கு வந்தார்கள். புகை வாசனை தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்தது. பீப்பாய்க்குள் மரத்தூள் கனலில் தொங்கவிட்ட ஹாடக் மீன்கள் செம்பு நிறத்தில் வெந்துகொண்டிருந்தன. நெட்டா என்று பெயர் தைத்த ஏப்ரனைக் கட்டியிருந்த கடைக்காரி, இரண்டு மீனைக் காகிதத்தில் வைத்துச் சுடச்சுட நீட்டினாள். இன்னிஸ் முள்கரண்டி கேட்டான்.

"இங்க யாரும் அத வெச்சு மீன் திங்கறதில்ல ராசா. கடவுள் குடுத்த விரல் பத்தும் இருக்குல்ல?" என்றாள் நெட்டா. பிறகு ரோனாவைப் பார்த்து, "புருஷனப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்க போல," என்றாள்.

தம்பி என்று ரோனா சொன்னாள்.

"தம்பியா? வெயிலே படாத மூஞ்சியா இருக்கே. எங்க ராசா இருந்த இத்தன நாளா?"

"உள்ளூர்தான். உள்ளேயே இருந்துட்டேன்," என்றான் இன்னிஸ்.

நெட்டாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, வயிறு குலுங்கச் சிரித்தாள். இன்னிஸும் சிரித்தான். ஐந்து வருடத்தில் அவன் சிரித்து ரோனா பார்த்ததில்லை. முதலில் விக்கல் மாதிரி மூச்சை உள்ளே இழுத்து, அப்புறம் வெடிக்கும் சிரிப்பு. அவர்கள் அப்பாவுடைய சிரிப்பு அது. ஃபின்லேவுக்கும் அதேதான்.

பேச்சு பேச்சாக நெட்டா பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். இரண்டு, ஒரு பெண் ஒரு பையன் என்றாள் ரோனா. பெண் அபர்டீனில் இருக்கிறாள். பையன் என்ன செய்கிறான் என்று நெட்டா கேட்டாள்.

"கூரை வேலை பாக்கிறான்," என்றாள் ரோனா.

இன்னிஸின் கை வாயருகே நின்றது. மீனைக் காகிதத்தில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நெட்டா வேறு ஆளைக் கவனிக்கப் போனாள். பிறகு அவன் குனிந்து மறுபடி தின்னத் தொடங்கினான். முள்ளை நாக்கால் ஒதுக்கி, தோலை வழித்து, விரலைச் சப்பித் தின்றான். முடித்ததும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமா அக்கா என்று கேட்டான். வாங்கிக் கொடுத்தாள். அதையும் முதல் மீனைப் போலவே ருசித்துத் தின்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மீனை அவள் பாதியிலேயே மடித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

சொல்ல வேண்டியதை அங்கே சொல்லியிருக்கலாம். கடற்பாறைப் பக்கம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் பாதை மேலேறி, சிவப்புப் பாறைகளின் விளிம்போடு போகும். காற்று பலமாக இருந்தது. அவனுக்கு முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. யாருடையதோ ஒரு கறுப்பு நாய் பந்தைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டது. அவன் எறிந்தான். நாய் ஓடிப்போய்க் கொண்டுவந்தது. மறுபடி எறிந்தான். நாய்க்காரி போதும் போதும் என்று சொல்லியும் விடாமல் எறிந்தான். சட்டைப் பித்தான் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொள்ள, பையனைப் போலப் பின்னாலேயே ஓடினான்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவன், கிரிமியூர் தேவாலயக் கூரையில் நடந்த கதையை எடுத்தான். ரோனா அதை முன்பே கேட்டிருந்தாள். ஃபின்லே சாப்பிட வைத்திருந்த பிரைடி என்ற இறைச்சிப் பஃபை ஒரு கடற்காக்கை தூக்கிக்கொண்டு போக, அவன் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே முகட்டோடு துரத்திய கதை. சிறையில் அந்தக் கதையை அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அன்றைக்கு அவள் காருக்குள் வந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அவள் வைத்திருந்ததில் அதுதான் மிகப் பெரிய சொத்து.

இப்போது அவன் கைகளைச் சிறகாக விரித்து, காக்கையாகவும் ஃபின்லேயாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினான். கெட்ட வார்த்தைகளை உரக்கச் சொன்னான். முடிவில் அந்தச் சிரிப்பு. விக்கல் மாதிரி மூச்சை இழுத்து, அப்புறம் வெடித்து.

ரோனாவும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

"இந்தக் காத்துக்காகத்தான்க்கா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பேன்," என்றான். "பின்னறை எனக்குப் போதும். உங்க ஓடெல்லாம் ஒரு தடவ பாத்துடறேன், வடக்குப் பக்கம் எப்பவுமே ஒழுகும். மச்சான்கிட்ட என்ன பேசணும்னு யோசிச்சு வெச்சிருக்கேன். அடிச்சாலும் வாங்கிக்குவேன்."

சொல்லிவிட்டு அவன் விளிம்புக்குப் போய் நின்று கீழே பார்த்தான். நேர் கீழே அலை பாறைப் பிளவுக்குள் போய் உறுமிக்கொண்டிருந்தது. காலடியில் புல் ஈரமாக இருந்தது. ஜாக்கிரதை என்று சொல்ல ரோனா வாயெடுத்தாள். சொல்லவில்லை. சொல்லாமல் நின்றாள். காற்று அவனை ஒரு தள்ளு தள்ளியது. கால் லேசாக நகர்ந்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவனாகவே பின்னால் வந்து, வா போகலாம், டீ குடிக்கலாம் என்றான்.

பாதை நெடுக அவள் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குளிரா என்று அவன் கேட்டான். ஆமாம் என்றாள்.

டீக்கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் வந்தன. அவள் போன் அடித்தது. கீத். எழுந்து வெளியே போய்ப் பேசினாள்.

"எங்க இருக்க?"

கடலோரத்தில், டீக்கடை வாசலில் என்று சொன்னாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

இன்னும் இல்லை, இதோ சொல்லப்போகிறேன் என்றாள்.

கீத்தின் பக்கம் வானொலியோ எதுவோ ஓடுவது கேட்டது. அதை அவர் அணைத்தார்.

"சொல்லாத. கூட்டிட்டு வா," என்றார். "காலையிலேருந்து பட்டறைக்குப் போகல. பின்னறைய ஒழிச்சிட்டேன். மிஷினத் தூக்கி மாடிப்படிக்குக் கீழ வெச்சாச்சு. எனக்குப் பேச வராது ரோனா, உனக்கே தெரியும். ஆனா ஒரு தட்டு வெச்சுச் சோறு போட முடியும். இன்னும் எத்தன வருஷத்துக்கு இப்படியே இருக்கிறது?"

"சரி," என்றாள்.

"கொத்துக்கறி வெக்கிறேன். அவனுக்குப் பிடிக்கும்ல?"

"சரி."

போனைப் பைக்குள் போட்டாள். மாதக்கணக்காக அவள் கேட்டது இதுதான். அழுதும் கேட்டாள், பேசாமல் இருந்தும் கேட்டாள். கிடைத்துவிட்டது. நெஞ்சில் ஏதாவது இறங்கும் என்று காத்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். ஒன்றும் இறங்கவில்லை.

ஜன்னல் வழியாக இன்னிஸ் தெரிந்தான். பரிமாறும் பெண் ஏதோ சொல்ல, கத்தியில் ஒட்டிய ஜாமை நக்கிக்கொண்டே அவன் தலையைப் பின்னால் சாய்த்தான். கண்ணாடிக்கு வெளியே சத்தம் வரவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டது. நாளைக் காலையில் அது பின்னறையிலிருந்து வரும். மாடிப்படியில் வரும். சாப்பாட்டு மேஜையில், கீத்தின் கறியைத் தின்றுகொண்டு, நாளாக நாளாக இன்னும் கொஞ்சம் சத்தமாக வரும். அவன் மீண்டும் சதை போடுவான். வேலைக்குப் போவான். யாராவது ஒருத்தி கிடைத்தாலும் கிடைப்பாள். இத்தனை நாளும் கீத்தின் 'கூடாது'க்குப் பின்னால் தான் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்தச் சுவரை அவர் எடுத்துவிட்டார். இனி 'கூடாது' என்று சொல்ல அவள்தான் மிஞ்சியிருந்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"மச்சானா? என்னப் பத்தி எதாவது கேட்டாரா?" என்றான்.

"இல்ல. எப்ப வருவேன்னு கேட்டார்."

அவன் தலையாட்டிவிட்டு அவள் பங்கு ஸ்கோனில் ஜாம் தடவி அவள் பக்கம் நகர்த்தினான்.

வெளியே வந்தபோது மூடுபனி வந்துவிட்டது. துறைமுகமும் சிக்னல் கோபுரமும் காணோம். கடலுக்குள்ளிருந்து ஏதோ படகின் ஊதல் மட்டும் வந்தது. தெருவில் இருந்தவர்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காரை விட்ட இடத்துக்குப் போகப் பீட்டியின் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவர் வெளியே வரமாட்டார் என்று நினைத்தாளா, வந்துவிட்டால் தேவலை என்று நினைத்தாளா, பின்னால் எத்தனை முறை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

பீட்டி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கம்பளிக் குல்லாயோடு, ஒரு காலத்தில் மீன்பிடிப் படகில் உழைத்த அகலத் தோளோடு, பனிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வாங்க மிஸ்ஸஸ் மில்ன். எங்க இன்னும் காணோமேன்னு பாத்தேன். ரூம் ரெடியா இருக்கு, ஈரம் போகட்டும்னு மதியமே ஹீட்டர் போட்டுட்டேன். இவர்தானா?"

இன்னிஸ் பீட்டியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் காருக்கான சாவியைத் தேடுவதுபோலக் கோட்டுப் பையில் கையை விட்டாள். கையில் வந்தது அந்த அறையின் சாவி. எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போட வழியில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னிஸ் முன்னால் போய்ப் பீட்டிக்குக் கை கொடுத்தான்.

"ஆமாங்க. நான்தான்," என்றான்.

மாடியில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கழுவுதொட்டி. ஜன்னலைத் திறப்பது எப்படி, வெந்நீர் எப்போது வரும், கீழ்க்கதவை எப்படி இழுத்துச் சாத்துவது என்று பீட்டி காட்டினார். இன்னிஸ் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னான். நல்ல அறை என்றான். பீட்டி இறங்கிப் போன பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். மத்தியானம் முகத்தில் ஏறியிருந்த நிறம் எங்கோ போய்விட்டது. சிறை மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் திரும்பி வந்துவிட்டான்.

"மச்சான் வேணாம்னுட்டாரா?" என்றான்.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினால் போதும். கறி அடுப்பில் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம்.

"ஆமா," என்றாள். "அவரால முடியல."

"நீ கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன்."

அவன் தலையசைத்தான். பல தடவை அசைத்தான்.

"நியாயந்தான்," என்றான். "நானா இருந்தாலும் முடியாது. காலையிலேயே சொல்லியிருக்கலாமேக்கா."

உனக்கு ஒரு நாளாவது நன்றாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்றாள். நன்றாகத்தான் இருந்தது என்றான் அவன்.

கீழே இறங்கி, காரிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார்கள். அவன் மேலாகக் கிடந்த குளிர்கோட்டைத் தூக்கிப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், கெட்டிலைப் பார்த்தான். எல்லாம் மடித்து, காகிதம் சுற்றி, ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒருநாளில் அடுக்கியதல்ல என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

அவள் கதவருகே போனபோது கூப்பிட்டான்.

"எனக்காக அவர்கிட்ட சண்ட போடாதக்கா. பாவம் அவர்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சட்டையில் மீன்புகை வாசனை அடித்தது.

வழி முழுக்கப் பனி. விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனாள். ஃப்ரையாக்கம் ஊரைத் தாண்டி ஒரு வயல் வாசலில் காரை ஓரம் கட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் நிழல்போல நின்றன. திரும்பிப் போகலாம். கார் திரும்ப அங்கே இடமும் இருந்தது. மாடியேறிப் போய், கீத் மனசு மாறிவிட்டார், போன் வந்தது, வா என்றால் அவன் பையை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். காரிலேறி உட்கார்ந்ததும் என்ன பேசுவான், எப்படிச் சிரிப்பான் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாடு வேலியருகே வந்து மூச்சு விட்டது. அவள் இன்ஜினை முடுக்கி ஃபோர்ஃபர் பக்கமே போனாள்.

கீத் வாசலில் நின்றார். முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தார். கார் நின்றதும் அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின் இருக்கைக்குப் போனது.

"அவன் வரல," என்றாள்.

"ஏன்?"

"வரமாட்டேன்னுட்டான். நம்ம வீட்டுக்குள்ள வர மனசு வரலயாம்."

கீத் சமையலறைக்குள் போனார். மேஜையில் மூன்று தட்டு போட்டிருந்தது. கறி வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் மேல கோவமா?"

"கோவமில்ல. வெக்கம்."

"நான் போய்க் கூப்பிடட்டுமா?"

"வேணாம்," என்றாள், கொஞ்சம் வேகமாகவே. "கொஞ்ச நாள் போகட்டும். தனியா இருக்கணும்னு சொன்னான்."

அவர் முழங்கையை மேஜையில் ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள். ஃபின்லேயைப் புதைத்த அன்றும் அவர் அழுதவரில்லை. அவள் பின்னால் போய் நின்று அவர் தோளில் கை வைத்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆறிப்போகும் என்று சொல்லி இரண்டு தட்டில் கறியும் மசித்த உருளைக்கிழங்கும் எடுத்து வைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து அவள் எதையும் முழுதாகச் சாப்பிட்டிருக்கவில்லை. கறி நன்றாக இருந்தது. தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.

அந்த வாரம் அவள் சொல்லவில்லை. அந்தக் கோடையிலும் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ப்ரோத்துக்குப் போய் வருகிறாள். இன்னிஸுக்கு ஒரு ஓடு வேய்கிறவரிடம் எடுபிடி வேலை கிடைத்திருக்கிறது; கூரைமேல் ஏற்றுவதில்லை, கீழேயே நின்று ஓடுகளுக்கான கல்லை வெட்டிக் கொடுக்கிறான். ஆள் இளைத்துக்கொண்டே வருகிறான். இருவரும் துறைமுகம்வரை நடப்பார்கள், டீ குடிப்பார்கள். ஃபின்லேயைப் பற்றி அவன் எதுவும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. கிளம்பும்போது, மச்சானைக் கேட்டதாகச் சொல்லு என்பான். சொல்கிறேன் என்பாள்.

வீட்டுக்கு வந்ததும் கீத் கையிலிருக்கும் வேலையை விடாமலே கேட்பார்.

"எப்படி இருக்கான்?"

"இருக்கான்," என்பாள்.